காலியாகக் கிடந்த பிறந்த தேதிக் கட்டம்: ஒரு குடும்ப ஓய்வூதியரின் 31 மாத நிலுவை

2024 அக்டோபர் முதல் வாரம். மயிலாடுதுறையில் எங்கள் ஓய்வூதியர் சங்க அறையில் உயிர்வாழ் சான்று எடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றிய அரசு ஓய்வூதியர்கள் எல்லோரும் நவம்பரில் கொடுக்க வேண்டிய சான்று அது. 80 வயது தாண்டியவர்கள் மட்டும் கூட்டத்தில் நிற்காமல் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கைபேசியில் முகத்தைக் காட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை.

அந்த அம்மாவை அவருடைய பேத்தி கைபிடித்து அழைத்து வந்தாள். கணவர் ஒன்றிய அரசின் ஒரு துறையில் கணக்கராக இருந்து 1994-இல் ஓய்வு பெற்றவர், 2009-இல் இறந்துவிட்டார். அன்றிலிருந்து குடும்ப ஓய்வூதியம்தான் வீட்டுக்கு வருமானம். ஆதாரில் பிறந்த ஆண்டு 1942 என்று இருந்தது. சான்று பதிவானது. எழுந்து போகும்போது பேத்தி ஒரு சந்தேகம் கேட்டாள்: "சார், மெடிக்கல் அலவன்ஸ் ஆயிரம் ரூபா சேர்ந்துதான் வருதான்னு பாத்துச் சொல்றீங்களா?" செப்டம்பர் மாத ஓய்வூதியச் சீட்டை நீட்டினாள்.

அடிப்படை 10,620. விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகத் தரும் அகவிலை நிவாரணம் 50 சதவீதம், 5,310. மருத்துவப்படி 1,000. மொத்தம் 16,930.

மருத்துவப்படி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே இருக்க வேண்டிய ஒரு வரியைக் காணோம். 1942-இல் பிறந்தவருக்கு 2022-லேயே 80 முடிந்திருக்க வேண்டும். முடிந்த மாதத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வந்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கும் மேலாக மாதம் 2,124 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் அவர் கைக்கு வரவில்லை, வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கூடுதல் ஓய்வூதியம் 6ஆவது ஊதியக்குழு கொண்டு வந்தது. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான அந்தக் குழுவின் பரிந்துரையை ஏற்று, 2008 செப்டம்பர் 2 அன்று ஓய்வூதியத் துறை ஆணை போட்டது. 2006 ஜனவரி 1 முதல் அமல். 80 முடிந்தால் 20 சதவீதம், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறு வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியம் அளவுக்கே இன்னொரு ஓய்வூதியம். குடும்ப ஓய்வூதியருக்கும் இதே படிகள். இந்தக் கூடுதல் தொகைக்கும் அகவிலை நிவாரணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கும் இதே படிக்கட்டுதான், கருவூலம் வழியாக.

அந்த 2008 ஆணையிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஓய்வூதியரின் பிறந்த தேதியும் வயதும் ஓய்வூதியக் கொடுப்பாணையில், அதாவது நாம் பி.பி.ஓ. என்று சொல்லும் அந்தப் புத்தகத்தில், தவறாமல் இருக்க வேண்டும். கூடுதல் தொகையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: 10,000 ஓய்வூதியம் என்றால் அடிப்படை 10,000 ஒரு வரி, கூடுதல் 2,000 இன்னொரு வரி. ஆணை எழுதியவர்கள் எங்கே சிக்கல் வரும் என்று முன்கூட்டியே பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன்பே கொடுக்கப்பட்ட லட்சக்கணக்கான புத்தகங்களில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்கே போனேன். தகரப் பெட்டியிலிருந்து பி.பி.ஓ.வை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் மடிந்து, நடுவில் செல்லோடேப் ஒட்டிய 1994-ஆம் வருஷப் புத்தகம். முதல் பக்கத்தில் கணவரும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம், பாதி முத்திரைக்குள். கணவரின் பிறந்த தேதி தட்டச்சில் தெளிவாக இருந்தது. கீழே குடும்ப ஓய்வூதியப் பகுதியில் மனைவியின் பெயர், உறவுமுறை, தொகை எல்லாம் இருந்தன. அவர் பிறந்த தேதிக்கான இடம் மட்டும் காலி.

அது வேண்டுமென்று யாரும் விட்டது இல்லை. 1994-இல் கூடுதல் ஓய்வூதியம் என்ற ஏற்பாடே கிடையாது. மனைவிக்கு எத்தனை வயது என்பதால் தொகை ஒரு ரூபாய்கூட மாறாது, அதனால் யாரும் நிரப்பவில்லை. 2009-இல் கணவர் இறந்தபோதும் அந்தக் கட்டம் யார் கண்ணிலும் படவில்லை. மனைவியின் பெயர் ஏற்கெனவே பி.பி.ஓ.வில் இருந்தால் இறப்புச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் வங்கியில் கொடுத்தாலே குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிடும், பழைய அலுவலகத்துக்குப் போகவே வேண்டாம். துக்க வீட்டுக்கு அலைச்சல் குறையட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு அது. அதே ஏற்பாட்டால் தேதியைக் கேட்டு வாங்கும் கடைசி வாய்ப்பும் போய்விட்டது.

கணவர் உயிரோடு இருந்து 80 தொட்டிருந்தால் அவருக்குத் தானாகவே ஏறியிருக்கும், தேதி அச்சில் இருந்ததே. அவர் 73-இல் போய்விட்டார்.

"அம்மா, உங்களுக்கு எண்பது எப்போ முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"தேதியெல்லாம் யாருக்குத் தம்பி தெரியும்? சித்திரபானு வருஷம், ஆனி மாசம்னு எங்கம்மா சொல்லுவா. அவர் இருந்திருந்தா சதாபிஷேகம், அது இதுன்னு கணக்குப் பாத்திருப்பாங்க. ஒத்தையா இருக்கறவளுக்கு எண்பதாவது எழுபதாவது."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் நெஞ்சில் நின்றுவிட்டது. நம் வீடுகளில் தம்பதியாக இருந்தால் 60-க்கும் 70-க்கும் 80-க்கும் நாள் குறிப்போம், பத்திரிகை அடிப்போம். கணவரை இழந்தவரின் வயதை வீட்டிலேயே யாரும் எண்ணுவதில்லை. அலுவலகக் காகிதத்திலும் அப்படியே நடந்திருக்கிறது. இந்தக் கூடுதல் தொகை விட்டுப்போன கோப்புகளாக என் கைக்கு வந்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே கணவரை இழந்த பெண்களுடையவை.

முதலில் வங்கிக் கிளைக்குப் போனோம். ஜன்னலில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியைப் பார்த்துவிட்டு, "சார், பென்ஷன் மாஸ்டர்ல டேட் ஆஃப் பர்த் இல்ல. நாங்க போட முடியாது. டிபார்ட்மென்ட்லேர்ந்து வரணும்" என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. இப்போது கிளைகள் ஓய்வூதியம் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு மத்திய ஓய்வூதியச் செயலாக்க மையம் இருக்கிறது, பி.பி.ஓ.வில் உள்ளதை வைத்து அங்கேதான் கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால் அதே கிளையில் அந்த அம்மாவுக்கு ஒரு சிறிய வைப்பு நிதி இருந்தது. அதன் ரசீதைப் பார்த்தேன். 80 தாண்டியவர்களுக்கான மிக மூத்த குடிமக்கள் வட்டி அதில் கொடுக்கப்பட்டிருந்தது. கணக்கைப் புதுப்பிக்கும்போது கேட்டு வாங்கிய பான் அட்டையிலிருந்து பிறந்த தேதி வைப்பு நிதிப் பதிவில் ஏறியிருக்கிறது. ஒரே கட்டடம், ஒரே பெயர், ஒரே வாடிக்கையாளர். வைப்பு நிதி பார்க்கும் கணினிக்கு அவருக்கு 80 ஆனது தெரிந்திருக்கிறது. ஓய்வூதியம் பார்க்கும் கணினிக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு பதிவுகளையும் வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, தேதி இல்லாத குடும்ப ஓய்வூதியர்களின் பட்டியலை எடுத்தாலே போதும், ஒவ்வொரு கிளையிலும் ஒரு நாள் வேலை. இதை நான் எழுத்திலும் கேட்டிருக்கிறேன், தொடர்ந்து கேட்பேன்.

அடுத்தது கணவரின் பழைய அலுவலகம். விதி இப்படி: பி.பி.ஓ.வில் தேதி இல்லையென்றால் அலுவலக ஆவணத்தில் தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் பான் அட்டை, பள்ளி இறுதிச் சான்று, பாஸ்போர்ட், தேதி உள்ள ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்றை ஆதாரமாக ஏற்கலாம். 2008 ஆணைக்குப் பிறகு இதே சிக்கல் நாடு முழுக்க வந்ததால்தான் ஓய்வூதியத் துறை இந்த வழியைத் திறந்தது. எண்பது வயது கிராமத்துப் பெண்மணிக்குப் பள்ளிச் சான்றும் பாஸ்போர்ட்டும் எங்கே இருக்கும்? பான் அட்டை ஒன்றுதான் கையில் இருந்தது. அதில் 01-06-1942.

மனுவோடு வைக்க வேறு ஏதாவது கிடைக்குமா என்று தகரப் பெட்டியை முழுக்கக் கவிழ்த்தோம். ரேஷன் அட்டைகள், பழைய எல்.ஐ.சி. ரசீதுகள், மகன் கல்யாணப் பத்திரிகை. அடியில் ஒரு பழுப்புக் காகிதம், நான்காக மடித்தது. பணியில் இருக்கும்போது ஊழியர் நிரப்பித் தர வேண்டிய குடும்ப விவரப் படிவத்தின் நகல். மூலம் அலுவலகத்தில் இருக்கும் பணிப் பதிவேட்டில், அதாவது சர்வீஸ் புக்கில், ஒட்டப்பட்டிருக்கும். கணவரின் கையெழுத்து, நீல மசி. மனைவி பெயருக்கு நேரே 24-6-1942.

படித்துச் சொன்னேன். "இருபத்து நாலா?" என்று இரண்டு முறை கேட்டார். காகிதத்தை வாங்கி அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேத்தி உள்ளே போய்விட்டாள்.

ஆக, அரசாங்கம் கேட்ட தேதியை அவர் கணவர் பல வருஷத்துக்கு முன்பே அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். சர்வீஸ் புக்கிலிருந்து பி.பி.ஓ.வுக்கு அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

மனு, பி.பி.ஓ. நகல், படிவ நகல், பான், ஆதார் எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கூடவே ஓய்வூதியத் துறையின் சிபென்கிராம்ஸ் குறைதீர் தளத்திலும் பதிவு செய்தேன். இணையம் வராதவர்கள் 1800-11-1960 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லிப் பதியலாம். தளத்தில் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். தபாலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நவம்பர் நடுவில் பதில் வந்தது. ஆட்சேபம். பான் அட்டையில் 1 ஜூன், குடும்ப விவரப் படிவத்தில் 24 ஜூன், இரண்டும் ஒத்துப்போகவில்லை, சரியான தேதியை நிரூபிக்கும் ஆவணம் தருக என்று கேட்டிருந்தார்கள்.

அந்த 1 எப்படி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். பான் அட்டைக்கு எழுதிக்கொடுத்தவரிடம் அம்மா "ஆனி மாசம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் ஆனியை ஜூன் ஆக்கி, நாளுக்கு 1 போட்டுவிட்டார். அந்தத் தலைமுறையில் பாதிப்பேரின் அட்டைகளில் தேதி இப்படித்தான் பிறந்தது. பான் திருத்தத்துக்குப் போனால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்த வழியில் ஒரு வருஷம் போய்விடும், 82 வயதில் ஒரு வருஷம் சும்மா போகக் கூடாது.

எனவே தேதியை நிரூபிக்கப் போகாமல், தேதி வித்தியாசத்தால் தொகை மாறாது என்பதைக் காட்டினோம். 2008 அக்டோபர் 3 அன்று ஓய்வூதியத் துறை ஒரு விளக்கம் வெளியிட்டிருக்கிறது. 80 முடியும் மாதம் எதுவோ அந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கூடுதல் ஓய்வூதியம். ஆகஸ்டில் எந்த நாளில் 80 முடிந்தாலும் ஆகஸ்ட் 1 முதல். ஆகஸ்ட் 1-ஆம் தேதியே பிறந்தவருக்கும் ஆகஸ்ட் 1 முதல்தான் என்று தனியாகவும் சொல்லியிருக்கிறார்கள். சட்டக் கணக்கில் 1-ஆம் தேதி பிறந்தவர் முந்தின மாதக் கடைசி நாளிலேயே வயதை நிறைவு செய்துவிடுகிறார் என்று ஒரு வாதம் உண்டு, அதை அடைக்கத்தான் அந்த வரி. 2021-இல் வந்த புதிய ஒன்றிய ஓய்வூதிய விதிகளின் 44(6)-உம் இதே முறைதான். 2024 அக்டோபர் 18 குறிப்பாணையில் 20-8-1942-இல் பிறந்தவர், 1-8-1942-இல் பிறந்தவர் இருவருக்கும் 1-8-2022 முதல் என்று உதாரணமே இருக்கிறது. எங்கள் மனுவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது. ஜூன் 1 ஆனாலும் ஜூன் 24 ஆனாலும் 1-6-2022 முதல் தர வேண்டும். ஒரு பக்கத்தில் இதை மட்டும் எழுதி அனுப்பினோம். அதற்கு மேல் ஆட்சேபம் வரவில்லை.

அந்த அலுவலகத்தின் எழுத்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்வீஸ் புக்கைத் தேடி எடுத்து, படிவத்தை ஒப்பிட்டு, சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதியவரும் அவர்தான். அங்கிருந்து டெல்லியில் மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், அங்கிருந்து வங்கியின் செயலாக்க மையம். 2025 ஜனவரி ஓய்வூதியத்தோடு நிலுவை வந்தது.

2022 ஜூன் முதல் 2024 டிசம்பர் வரை 31 மாதம். கூடுதல் தொகை 2,124 எப்போதும் ஒன்றுதான், அகவிலை நிவாரணம் மட்டும் ஆறு மாதத்துக்கொருமுறை மாறும். 2022 ஜூனில் 34 சதவீதம், ஜூலையிலிருந்து 38, 2023 ஜனவரியிலிருந்து 42, ஜூலையிலிருந்து 46, 2024 ஜனவரியிலிருந்து 50, ஜூலையிலிருந்து 53. முதல் ஒரு மாதத்துக்கு 2,846. பிறகு ஆறு ஆறு மாதமாக 17,587, 18,096, 18,606, 19,116, 19,498. கூட்டினால் 95,750 ரூபாயை ஒட்டி வரும். பைசா சுற்றுவதில் சில ரூபாய் முன்னே பின்னே இருக்கும். மாத ஓய்வூதியத்தின் அடிப்படை 10,620-லிருந்து கூடுதலோடு 12,744 ஆனது. அகவிலை நிவாரணத்தோடு பார்த்தால் மாதம் 16,249 வாங்கியவர் இனி 19,498 வாங்குவார், மருத்துவப்படி தனி.

தாமதத்துக்கு வட்டி கிடைக்கவில்லை. ஓய்வூதியத்தை வரவு வைப்பதில் வங்கி தாமதித்தால் ஆண்டுக்கு 8 சதவீதம் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதம் எங்களால் இல்லை, பி.பி.ஓ.வில் தேதி இல்லாததால் என்று வங்கி சொல்லிவிட்டது. அலுவலகம், கேட்டதும் செய்து கொடுத்தோம் என்கிறது. இருவர் சொல்வதும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். அந்த அம்மாவின் பணம் இரண்டரை வருஷம் அரசாங்கத்திடம் இருந்தது என்பதும் உண்மை.

இந்த இடத்தில் 80 என்றால் என்ன என்ற வழக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் "79 முடிஞ்சாலே உண்டாமே சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கவுகாத்தி உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த பேச்சு. ஓய்வு பெற்ற நீதிபதி வீரேந்திர தத் கியானி தொடுத்த வழக்கில் 2018 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளின் சம்பளச் சட்டத்தில் உள்ள "எண்பது வயதிலிருந்து" என்ற சொல்லுக்கு, எண்பதாவது வயது தொடங்கும் நாளிலிருந்து, அதாவது 79 முடிந்ததும், என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. நாம் பேச்சில் "எண்பது நடக்குது" என்கிறோமே, அந்தக் கணக்கு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் ஒன்றிய அரசின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. பிறகு 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, வயது நிறைவடையும் மாதத்தின் முதல் நாளிலிருந்து என்று எழுதிவிட்டது. மற்ற ஊழியர்களுக்கு இருந்த ஆணையிலும் விதியிலும் நிறைவடைவது என்றே இருக்கிறது. "எண்பது நடக்குது" என்ற அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஏற்கப்பட்டிருந்தால் நம் அம்மாவுக்கு இன்னும் 12 மாதம், அடிப்படை மட்டும் 25,488 ரூபாய் சேர்ந்திருக்கும். இன்று இதை வைத்து மனு எழுதச் சொல்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய நியாயம் 80 என்ற எல்லையே தாமதம் என்பதில் இருக்கிறது. மருந்துச் செலவு 65-லேயே தொடங்கிவிடுகிறது. பணியாளர், சட்டம், நீதித் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021-இல் தன் 110ஆவது அறிக்கையில் 65-க்கு 5, 70-க்கு 10, 75-க்கு 15, 80-க்கு 20 சதவீதம் தரச் சொன்னது. ஒன்றிய அரசு அதைச் செய்யவில்லை. தெலங்கானாவில் மாநில ஓய்வூதியர்களுக்கு 70-லேயே 15 சதவீதம் கிடைக்கிறது. தமிழ்நாட்டுச் சங்கங்கள் 70-க்கு 10 சதவீதம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. 73-இல் இறந்த அந்தக் கணக்கர் அப்படியொரு ஏற்பாடு இருந்திருந்தால் மூன்று வருஷமாவது வாங்கியிருப்பார். 2004 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்து புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் படிக்கட்டு இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவோ பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் இன்றே பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்கள். வயது 80 ஆகும் வரை காத்திருக்க வேண்டாம், 70-லேயே தேதியை ஏற்றிவிடலாம். பெட்டியில் இருக்கும் பழைய காகிதம் எதையும் குப்பையில் போடாதீர்கள். 80 தாண்டியிருந்தால் ஓய்வூதியச் சீட்டில் "கூடுதல் ஓய்வூதியம்" என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அகவிலை நிவாரணம் ஆறு மாதத்துக்கொருமுறை ஏறுவதால் தொகை எப்படியும் ஏறிக்கொண்டேதான் இருக்கும், விட்டுப்போனது அதற்குள் மறைந்துவிடும்.

பிப்ரவரியில் பாஸ்புக் போட்டுக்கொண்டு அந்த அம்மா சங்கத்துக்கு வந்தார். தேதி ஏற்றிய புதிய ஆணையின் நகலையும் கொண்டுவந்திருந்தார், அதில் 24-06-1942 என்று அச்சாகியிருந்தது.

"எண்பத்தஞ்சுக்கும் இப்படி மனு எழுதணுமா தம்பி?"

வேண்டியதில்லை, தேதி ஏறிவிட்டது, 2027 ஜூன் 1 முதல் 2,124 தானாகவே 3,186 ஆக வேண்டும் என்று சொன்னேன். ஆனாலும் அந்த மாதச் சீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பேத்தி கைபேசியில் நாளைக் குறித்துக்கொண்டாள். நானும் என் நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன்.